பள்ளிக்குப் பின் என்ன?



உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வு முடிந்ததும் உங்களில் ஒவ்வொருவரையும் உற்றாரும் அயலாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்தபடி என்ன?" என்பதே அது. கல்லூரியா, தொழிற்பயிற்சியா, தந்தையாரின் கடையா, ஏதேனும் ஓர் அலுவலா என்று விடைகள் பலவாக இருக்கலாம். பத்துப் பேர் கேட்ட பிறகு அக்கேள்வி சலிப்பைத் தருவதும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை ஒருவருமே கேட்காத இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையோடு வளர்ந்தவர்கள் அவர்கள். பள்ளி முடிந்தபின் அவர்களுடைய வாழ்வு எவ்வாறு அமைகிறது, எவ்வாறு அமையக்கூடும் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஐக்கிய அமெரிக்க நாட்டில் இத்துறையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகள் சட்டமாகவும் வழக்காகவும் பயிற்சி முறையாகவும் தெளிவாகப் பதிவாகியுள்ளன. ஆகவே பெரும்பாலும் அந்நாட்டுச் செய்திகளையே எடுத்துக்கொள்கிறேன். இறுதியில் நம் நாட்டுச் சட்டம் கூறுவதையும் சொல்வேன்.

முதலில் இந்நிலை இன்னதென்று தெரிந்துகொள்வோம். டவுன் என்பது இங்கே ஊரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லன்று. ஒரு மருத்துவரின் பெயர். ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866ஆம் ஆண்டில் இந்நிலையின் அடையாளங்களை விரித்து எழுதினார். அதன் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1959ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு அறிஞர்களான ழெரோம் லெழேன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் காரணத்தை வெளியிட்டார்கள். நம் உடலின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் 23 இணைகளாக, அதாவது 46 என்ற எண்ணிக்கையில் இருக்கின்றன. இவர்களிடம் 21ஆம் எண்ணுள்ள குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கின்றது. ஆக மொத்தம் 47. இந்த ஒரு மிகுதியே முகத்தின் அமைப்பையும், தசைகளின் தளர்ச்சியையும், கற்கும் வேகத்தையும் மாற்றுகிறது. இது தொற்றுவதன்று, மருந்தினால் நீங்குவதுமன்று. மிகப் பெரும்பாலான குடும்பங்களில் பரம்பரையாக வருவதும் அன்று. பெற்றோர் செய்த பிழை எதனாலும் நேர்வதும் அன்று.

இவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி ஒரு வகையில் புதிய கேள்வி. இந்நிலையோடு பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்திலும் பிறவிக் குறை இருப்பதுண்டு. அறுவைச் சிகிச்சை வளராத காலத்தில் அவர்களில் பலர் இளமையிலேயே இறந்தனர். 1983ஆம் ஆண்டில்கூட அமெரிக்காவில் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 ஆண்டு அளவிலேயே இருந்தது. இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு பள்ளிப் படிப்பின் முடிவும் வாழ்வின் முடிவும் அருகருகே இருந்தன. இன்றோ பள்ளி முடிந்தபின் நாற்பது ஆண்டு வாழ்வு எஞ்சியிருக்கிறது. மருத்துவர்கள் அந்த நாற்பது ஆண்டுகளைத் தேடிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

முற்காலத்தில் இதற்குத் தரப்பட்ட விடை மிகக் கொடியது. குழந்தை பிறந்தவுடனோ, சில ஆண்டுகள் கழித்தோ, ஊருக்கு வெளியே இருந்த பெரிய காப்பகம் ஒன்றில் விட்டுவிடும்படி மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை கூறினார்கள். ஜூடித் ஸ்காட் என்ற பெண்மணியின் வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். அவர் 1943இல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த ஜாய்ஸ் பள்ளிக்குச் சென்றார்; ஜூடித் ஏழாம் வயதில் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்குச் செவிப்புலன் இல்லை என்பதை அங்கே நெடுங்காலம் ஒருவரும் உணரவில்லை. கேளாமையால் விடை கூறாதிருந்த குழந்தையைக் கல்வி கற்க இயலாதவள் என்று முடிவு கட்டினர். முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1980களின் நடுவில் ஜாய்ஸ் தம் உடன்பிறந்தாளைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்று, ஓக்லாந்து நகரில் ஊனமுற்றோருக்கென நடந்த கலைக்கூடம் ஒன்றில் 1987இல் சேர்த்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜூடித் எதிலும் நாட்டம் காட்டவில்லை. பின்பு ஒரு நாள் நூலையும் துணியையும் கையில் எடுத்தார். கிடைத்த பொருள்களை நூலால் சுற்றிச் சுற்றி, முன்பு எவரும் செய்திராத உருவங்களை ஆக்கினார். 2005இல் அவர் மறைந்தபோது அவருடைய படைப்புகள் பெயர்பெற்ற கலைக்கூடங்களில் இடம் பெற்றிருந்தன. நாற்பது வயதைக் கடந்தபின் தொடங்கிய கல்வி அது. இவ்வரலாற்றில் ஆசிரியர்கள் கற்க வேண்டியது, அக்கலைக்கூடத்தார் அந்த இரண்டு ஆண்டுகளும் பொறுத்திருந்தார்கள் என்பதே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ், ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்குமான கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்தக் குழந்தையையும் "எங்களால் கற்பிக்க இயலாது" என்று கூறி அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது. அதற்குத் தக்க கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1990இல் அச்சட்டம் புதிய பெயர் பெற்றபோது மற்றொரு கடமையும் சேர்க்கப்பட்டது. பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் திட்டமொன்றைப் பள்ளியே வகுக்க வேண்டும். இன்றுள்ள விதிப்படி மாணவருக்கு 16 வயது ஆகும்போது அத்திட்டம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதை வகுக்கும் கூட்டத்துக்கு அந்த மாணவரையும் அழைக்க வேண்டும். பொதுவாக 21 வயது நிறையும் வரை இந்தக் கல்வியுரிமை நீடிக்கிறது.

அதன் பிறகு? ஒரு நாளில் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. நேற்றுவரை காலையில் வாசலுக்கு வந்த பள்ளிப் பேருந்து இன்று வருவதில்லை. வளர்ந்தோருக்கான உதவிகளும் உண்டு. ஆனால் அவை பள்ளிக் கல்வியைப் போல் எல்லோருக்கும் கட்டாயமாகக் கிடைக்கும் உரிமைகள் அல்ல. தகுதி பார்த்து, நிதி இருக்கும் அளவுக்கே தரப்படுபவை அவை. பல மாநிலங்களில் அவற்றுக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. அப்படிக் காத்திருக்கும் காலத்தில் இளைஞர் வீட்டில் அமர்ந்திருக்கிறார். நண்பர்கள் பிரிந்துபோகிறார்கள். கற்ற எழுத்தும் கணக்கும் பயிலாமையால் மங்குகின்றன. பேச்சு குறைகிறது, மனச்சோர்வு குடிபுகுகிறது. பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஆசிரியர்கள் கட்டியது இரண்டு மூன்று ஆண்டுகளில் சரிந்துவிடக்கூடும். இதைத்தான் அந்நாட்டுப் பெற்றோர்கள் மலைச்சரிவின் விளிம்புக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

இச்சரிவைத் தடுக்கும் வழிகளைக் கூறுமுன், இவர்கள் கற்கும் முறையைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் சிறிது சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பதைக் காட்டிலும் கண்ணால் கண்டதை நினைவில் வைப்பது எளிது. அவர்கள் பேசுவது குறைவு. புரிந்துகொள்வது அதைவிட மிகுதி. ஒரு வினாவுக்கு விடை கூற அவர்களுக்குச் சற்றே கூடுதலான நேரம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தைத் தராமல் வினாவை மீண்டும் மீண்டும் கேட்டால், அவர்கள் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியதாகிறது. இவற்றை அறிந்த ஆசிரியர் வாயால் விளக்குவதைக் குறைத்துச் செய்து காட்டுவதை மிகுதியாக்குவார். படங்களை வரிசையாக ஒட்டிவைப்பார்.

எடுத்துக்காட்டாக, தனியே பேருந்தில் செல்லக் கற்பித்தலை எண்ணிப் பாருங்கள். நமக்கு அது ஒரு செயல். பயிற்சி தருபவரோ அதைப் பல படிகளாகப் பிரிக்கிறார். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடத்தல், வண்டியின் எண்ணைப் பார்த்தல், கட்டணத்தை எடுத்து வைத்தல், இறங்கும் இடத்துக்கு முன்னுள்ள ஓர் அடையாளத்தைக் கண்டுகொள்ளுதல், வண்டி நின்றபின் இறங்குதல், வழி தவறினால் யாரிடம் என்ன கேட்பது என்பதை அறிதல், இவை ஒவ்வொன்றும் ஒரு பாடம். முதலில் அவர் மாணவரோடு அருகில் அமர்ந்து செல்வார். பின்பு இரண்டு இருக்கைகள் தள்ளி அமர்வார். அதன்பின் வேறொரு வண்டியில் பின்தொடர்வார். இறுதியில் போய்ச் சேரும் இடத்தில் மட்டும் காத்திருப்பார். உதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்து விலகும் இந்தக் கலையே இத்துறையில் உள்ள கற்பித்தல் அனைத்துக்கும் அடிப்படை. விலகத் தெரியாத ஆசிரியர், மாணவர் தனித்து நிற்பதை ஒருநாளும் காணமாட்டார்.

வேலை வாய்ப்பில் முன்பு வழங்கிய முறை வேறு. ஊனமுற்றோரை மட்டும் ஓரிடத்தில் கூட்டி, உறையிடுதல், கட்டுதல் போன்ற சில்லறை வேலைகளைத் தரும் பட்டறைகள் இருந்தன. இத்தகையோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்கலாம் என்று 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு இடம் தந்தது. "முதலில் பயிற்சி, பிறகு உண்மையான வேலை" என்று கூறப்பட்டது. ஆனால் பலருக்குப் பயிற்சி முடியவே இல்லை. 1970களின் இறுதியிலும் 1980களிலும் சில கல்வியாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில் உண்மையான வேலையில் அமர்த்துவோம். வேலை நடக்கும் இடத்திலேயே, உடன் இருக்கும் பயிற்றுநர் ஒருவரைக் கொண்டு கற்பிப்போம் என்றார்கள். 1986இல் இம்முறை அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தில் இடம் பெற்றது.

இம்முறை பள்ளியோடு இணைந்த கதை சுவையானது. 1996ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் அவசரச் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்த செவிலியர் தலைவிக்கு ஒரு தொல்லை இருந்தது. பஞ்சு, ஊசி, குழாய் முதலியவற்றை உரிய தட்டுகளில் நிரப்பி வைக்கும் வேலைக்கு வந்தவர்கள் நிலைத்து இருப்பதில்லை. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்கள் இதைச் செய்வார்களா என்று அவர் எண்ணினார். பள்ளிகளோடு கூடித் திட்டமொன்றை வகுத்தார்கள். பள்ளியின் இறுதி ஆண்டை மாணவர்கள் மருத்துவமனையிலேயே கழிப்பார்கள். நாள்தோறும் சிறிது நேரம் அங்கேயே வகுப்பு. மற்ற நேரம் ஒரு பிரிவில் வேலை. ஏறத்தாழப் பத்து வாரத்துக்கு ஒரு பிரிவாக ஆண்டுக்கு மூன்று பிரிவுகளில் பயில்வார்கள். அறுவைக் கருவிகளை வரிசைப்படி தொகுத்தல், பொருள் கிடங்கை ஒழுங்குபடுத்துதல் முதலியவை எளிய வேலைகள் அல்ல. ஆனால் ஒரே முறையில் பிசகாமல் செய்ய வேண்டியவை. ஒழுங்கை விரும்பும் இவ்விளைஞர்கள் அதில் தேர்ந்தார்கள். இத்திட்டம் இன்று வேறு பல நாடுகளிலும் நடைபெறுகிறது. இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று: அம்மருத்துவமனை இரக்கத்தினால் தொடங்கவில்லை, தேவையினால் தொடங்கியது. தேவையினால் பிறந்த வேலை நிலைக்கிறது.

தமக்குரிய வேலையைத் தாமே ஆக்கிக்கொண்டவரும் உண்டு. நியூயார்க் மாநிலத்து ஹண்டிங்டன் என்னும் ஊரில் ஜான் கிரோனின் என்ற இளைஞர், 2016இல் தமது பள்ளிக் காலத்தின் இறுதி ஆண்டில், பள்ளிக்குப் பின் என்ன செய்வதென்று எண்ணிப் பார்த்தார். கிடைக்கக்கூடிய வேலைகளில் மனத்துக்கு இசைந்தது ஒன்றும் இல்லை. தந்தையாரோடு சேர்ந்து வணிகம் செய்ய விரும்பினார். பளிச்சென்ற வண்ணங்கொண்ட காலுறைகளில் அவருக்குச் சிறு வயது முதலே விருப்பம். அதையே விற்பனைப் பொருளாக்கி, அவ்வாண்டு டிசம்பரில் தந்தையும் மகனும் கடை தொடங்கினார்கள். வளர்ந்த அந்த நிறுவனம், வெவ்வேறு குறைபாடுகள் உள்ள பலருக்கும் வேலை தந்து வருகிறது.

கல்லூரிக் கதவும் சிறிது சிறிதாகத் திறந்துவருகிறது. 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்க உயர்கல்விச் சட்டம், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளோர்க்கான கல்லூரித் திட்டங்களுக்கு ஏற்பு அளித்தது. ஏற்புப் பெற்ற திட்டங்களில் சேரும் மாணவர், பட்டம் பெறாவிடினும் அரசின் உதவித்தொகை பெறலாம் என்று வகை செய்தது. அவர்கள் சில வகுப்புகளில் மற்ற மாணவர்களோடு அமர்கிறார்கள். வேலைப் பயிற்சி பெறுகிறார்கள். சில இடங்களில் விடுதியிலும் தங்குகிறார்கள். பட்டமே பெற்றவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டு மாலகா நகரத்துப் பாப்லோ பினேடா 1999இல் ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் பெற்றார். பின்பு கல்வி உளவியலும் பயின்றார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஐரோப்பாவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வராக அவரைக் குறிப்பிடுகிறார்கள். எல்லோரும் அவரைப் போல் ஆவார்கள் என்று நான் கூறவில்லை. உங்களுள்ளும் எல்லோரும் முதல் வகுப்பில் தேறுவதில்லை அன்றோ? இவர்களிடையே உள்ள வேறுபாடு நம்மிடையே உள்ள வேறுபாட்டைப் போன்றே பெரிது. ஆகவே, எட்டும் எல்லையை முன்கூட்டியே பிறர் வரைந்துவிடலாகாது என்பதே என் கருத்து.

வேலையையும் கல்வியையும் விட நுட்பமானது ஒன்றுண்டு. தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை அது. வர்ஜீனியா மாநிலத்தில் ஜென்னி ஹேட்ச் என்ற பெண் பழம்பொருள் கடை ஒன்றில் வேலை செய்து, தம் நண்பர்களோடு வாழ விரும்பினார். குடும்பத்தார் அவருக்குச் சட்டக் காப்பாளர் வேண்டுமென்று நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு நடந்த காலத்தில் அவர் குழு இல்லங்களில் வைக்கப்பட்டார். வேலையையும் நண்பர்களையும் இழந்திருந்தார். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதி அவருடைய விருப்பத்தை மதித்தார். அவர் விரும்பிய நண்பர்களையே ஓராண்டுக்கு மட்டும் காப்பாளராக அமர்த்தி, அதற்குள் அவர் பிறர் துணையோடு தாமே முடிவு செய்யப் பழக வேண்டுமென்று தீர்ப்பளித்தார். முடிவைப் பிறர் எடுத்துத் தருவது வேறு. முடிவெடுக்கத் துணை நிற்பது வேறு. வங்கிக்குச் செல்லும்போது நாமும் அறிந்தவரைக் கலந்து ஆலோசிக்கிறோம். அதனால் நம் கையெழுத்து பிறருடையதாகிவிடுவதில்லை. இந்த வேற்றுமையை ஏற்று 2015இல் டெக்சாஸ் மாநிலம் சட்டமே இயற்றியது.

பணத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஊனமுற்றோருக்கான அரசு உதவி பெறும் தனி ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் அவ்வுதவி நின்றுவிடும். உழைத்துச் சேமிப்பவர் உழைப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த சாரா வுல்ஃப் என்ற பெண்மணி, தாமே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், இதை மாற்றக் கோரி மனுக்கள் திரட்டினார். 2014இல் செனட் சபைக் குழுவின் முன் நின்று பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். வேலையில் ஊக்கமாக இருந்த இளைஞர் திடீரென மந்தமானால், "சோம்பல்" என்று முத்திரை குத்தலாகாது. தைராய்டு சுரப்பியின் குறைவு, செவிக்குறை, கண்பார்வைக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை இவர்களிடம் மிகுதி. இவற்றைக் கண்டறிந்தால் பெரும்பாலும் சீர்செய்யலாம். மறதி நோயாகிய அல்சைமர் இவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே வரக்கூடும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும். அப்போது பெற்றோர் முதுமை அடைந்திருப்பார்கள். ஆகவே உடன்பிறந்தாரும் சமூகமும் முன்னதாகவே ஆயத்தமாக வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்கு மேற்பட்டு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்குத் தேவையானால் மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழு காப்பாளரை அமர்த்தலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத ஊனம் உடைய குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்றும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் அத்தகையோருக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் என்றும், சேரும் வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வு என்றும் கூறுகிறது. அரசு வேலையில் ஒதுக்கப்பட்ட 4 விழுக்காட்டில் ஒரு பகுதி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளோரும் அடங்கிய பிரிவினருக்கு உரியது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களைச் சிறிது சிறிதாக ஐந்தாண்டுக் காலத்துக்குள் எழுதித் தேறவும் வழியுண்டு. எழுத்தில் உள்ள இவ்வுரிமைகள் கையில் வந்து சேர்வதற்குக் கேட்பவர் வேண்டும். கேட்பதற்கு அறிந்தவர் வேண்டும். அந்த அறிந்தவராக நீங்கள் ஆகலாம்.

மாணவர்களே, உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய இளைஞர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் பற்றி அவருடைய தாயாரிடம் கேட்காதீர்கள்; அவரிடமே கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். இருபது வயதானவரைக் குழந்தை என்று கொஞ்சாதீர்கள். விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் நூலகத்துக்கும் போகும்போது அவரையும் அழையுங்கள். உங்களுள் நாளை கடை வைப்போரும், அலுவலகம் நடத்துவோரும், ஆசிரியராவோரும் இருப்பீர்கள். உங்கள் கடையில், உங்கள் அலுவலகத்தில் ஒழுங்காகச் செய்ய ஆள் கிடைக்காத வேலை எது என்று எண்ணுங்கள். அதைக் கற்றுக்கொள்ளக் காத்திருப்பவர் ஒருவர் அடுத்த தெருவில் இருக்கலாம். உங்களிடம் எல்லோரும் கேட்ட அந்தக் கேள்வியை அவரிடமும் ஒருவர் கேட்கட்டும்: "அடுத்தபடி என்ன?"